அக்கா தேர்ந்தெடுத்த பிக்கப்

எங்கள் ஊரில் பிக்கப் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வண்டிதான். ஈஜிபுரா சிக்னலில் பச்சை விழுந்ததும் ஸ்கூட்டர் சீறிக்கொண்டு போனால் “பிக்கப் நல்லாகீது” என்போம். மேம்பாலத்தில் ஏறும்போது முக்கி முனகினால் “பிக்கப் போச்சு” என்போம். எலக்ட்ரிக் கிட்டாருக்குப் புது பிக்கப் வாங்கக் கிளம்பியபோது என் மண்டையில் ஓடியதும் அதே எண்ணம்தான். எது அதிகம் இழுக்கிறதோ அதுவே நல்லது.

பழையதை மாற்றியே ஆகவேண்டிய நிலை. தந்திகளுக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருளுமாக இருக்கிறதே, அதுதான் பிக்கப். தந்தியின் அதிர்வை ஸ்பீக்கருக்குக் கொண்டு சேர்ப்பது அதன் வேலை. என்னுடையது கொஞ்ச நாளாக, நான் தொடாதபோதும் தானாகக் கீச்சிட்டது. விவேக் நகரில் எங்கள் கோயிலில் ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வாசிப்பவன் நான். ஒருமுறை அது கீச்சிட்டபோது சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் கீபோர்டு வாசிப்பவரைப் பார்த்தேன்.

ஆனால் அவசரத்துக்குக் காரணம் கீச்சல் இல்லை, என் அக்காதான். பூசையில் ஒருவர் சரணம் பாட, சனங்கள் பதில் வரி பாடும் பதிலுரைப் பாடலைப் பல வருடங்களாகத் தனியாக நின்று பாடிவந்தவள் அவள். தொண்டையில் தைராய்டு ஆபரேஷன் நடந்தபின் பல மாதம் பாடவில்லை. குரல் திரும்பி வந்தது, ஆனால் மெலிந்து வந்தது. சுருதி ஏறும் இடத்தில் உடைந்தது. பாடகர் குழுவை நடத்தும் சிஸ்டர் தன்மையாகத்தான் சொன்னார். “வர்ற ஞாயிறு பாடிப் பாரும்மா. கஷ்டமா இருந்தா வேற யார்கிட்டயாவது குடுத்துடலாம்.” அக்கா “சரி சிஸ்டர்” என்றாள். வீட்டுக்கு வந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் மறுபடி எடுத்துப்போட்டுத் தேய்த்தாள்.

பீன்யாவில் டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் கம்பெனி ஒன்றில் சுருள் சுற்றும் பிரிவுக்கு அவள் சூப்பர்வைசர். எத்தனை மெஷின் ஓடினாலும் ஒன்றில் கம்பி இழுவை தளர்ந்தால் சத்தத்தை வைத்தே திரும்பிப் பார்ப்பாள். என் கிட்டார் கீச்சிட்டதைக் கேட்டதும், “உள்ள சுத்து லூசாயிடுச்சுடா, ஆடுது. எங்க கம்பெனில சுருளுக்குள்ள வார்னிஷ் சரியா எறங்கலன்னா இப்பிடித்தான் உர்ருங்கும்” என்றாள். இன்டர்நெட்டில் மூன்று வாரம் முட்டி மோதி நான் கண்டுபிடித்த விஷயம் அது. எரிச்சலாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

சனிக்கிழமை அவளுக்கு அரைநாள் வேலை. கடைக்கு அவளும் வந்தாள். கிட்டார் பழுது பார்ப்பவர் மேஜைமேல் மூன்று ஜோடி பிக்கப்புகளை எடுத்து வைத்து, “எந்த மாதிரி சவுண்ட் பேக்கு சார்?” என்று, வேண்டும் என்பதை மட்டும் கன்னடத்தில் கேட்டார்.

“நல்லா பிக்கப் இருக்கற பிக்கப்பா குடுங்க” என்றேன். அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அவரிடம் ஒரு கிட்டார் இருந்தது. முதுகுப் பக்கம் திறந்திருக்கும். தந்தியைக் கழற்றாமலே பின்னாலிருந்து பிக்கப்பை நுழைத்து வாசித்துப் பார்க்கலாம். முதலில் சுற்று அதிகமுள்ள ஜோடியை மாட்டினார். ஒரு தட்டுத் தட்டினேன். அடேயப்பா, கடையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. எனக்கு அப்போதே மனது நிறைந்துவிட்டது. யாரிடமும் சொல்லாத திட்டம் ஒன்று எனக்கு இருந்தது. அக்காவின் குரல் உடையும் அந்த இடத்தில் நான் ஓங்கி ஒரு அடி அடித்தால், உடைந்தது யார் காதிலும் விழாது. பாடல் அவள் கையைவிட்டுப் போகாது.

“ஞாயித்துக்கிழமை பாட்ட வாசி” என்றாள். வாசித்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தபடி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத மனிதரின் கடையில் அவள் பாடினாள். ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டுக்கு வெளியே அவள் பாடியது அதுதான் முதல் தடவை. எனக்கு அந்தத் தைரியம் வராது.

“நான் பாடுனது கேட்டுச்சா?”

“கேட்டுதேக்கா.”

“பொய் சொல்லாத. எனக்கே கேக்கல.”

மூன்றையும் மாட்டச் சொல்லி அப்படியே பாடிப் பார்த்தாள். கடைக்காரரிடம் மீட்டரை வாங்கி மூன்றிலும் கம்பிச் சுற்று எவ்வளவு என்று அளந்தாள். கடைசியில் அவள் விரல் வைத்தது இருப்பதிலேயே சுற்றுக் குறைந்ததன்மேல். தெளிவான சத்தம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இழுவையே கிடையாது. கடைக்காரர்கூட, “மேடம், இது அவுட்புட் ரொம்ப கம்மி” என்றார்.

“அதான் வேணும்” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. வாசிக்கப் போவது நான், தேர்ந்தெடுப்பது இவளா? “உனக்காகத்தான்க்கா பெருசா பாக்கறேன்” என்று வாய் தவறி வந்துவிட்டது.

அக்கா என் பக்கம் திரும்பினாள். “எம் மேல போர்வ போத்தப் பாக்கறியா? கொரல் ஒடஞ்சா ஒடையட்டும்டா. எங்க ஒடையுதுன்னு எனக்குக் கேக்கணும்ல? ஃபால்ட்ட மறைச்சு அனுப்புனா அந்த பீஸ் ரிட்டர்ன்தான் வரும்.”

அவள் சொன்னதையே மாட்டச் சொன்னேன்.

ஞாயிறு பூசையில் ஆம்ப்ளிஃபயரின் சத்த அளவை சிஸ்டர் தன் கையால் வைத்தார். அதை யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் குழுவில் சட்டம். அக்கா வாசக மேடைக்குப் போய் நின்றாள். இரண்டு சரணங்கள் நன்றாகவே போயின. மூன்றாவதில் மேலே ஏறும்போது குரல் இரண்டாகப் பிளந்தது.

நான் சத்தியமாக அடிக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். கை கேட்கவில்லை. மூன்று தந்திகளைச் சேர்த்து ஓங்கி அடித்துவிட்டேன்.

அப்படியும் அவள் குரல் கேட்டது. உடைந்தது, ஒரு மூச்சு எடுத்தது, ஒரு படி இறங்கி மிச்ச வரியை முழுதாகப் பாடி முடித்தது, எல்லாம் கடைசி பெஞ்சுவரை கேட்டது. சனங்கள் பதில் வரியை எப்போதும்விட மெதுவாக, அவள் இறங்கிய சுருதியிலேயே எடுத்துப் பாடினார்கள். சிஸ்டர் அடுத்த வாரத்துப் பாடலின் தாளையும் அக்காவிடமே நீட்டினார்.

என் கைமேல் எனக்கிருந்த நம்பிக்கை அக்காவுக்கு இருந்ததே இல்லை. நான் எப்படியும் அடிப்பேன் என்று தெரிந்துதான், எவ்வளவு அடித்தாலும் தன் குரலை மூடமுடியாத பிக்கப்பாகப் பார்த்து எடுத்திருக்கிறாள்.