முதலில் முடித்த மேசை

அலுவலகத்தில் அவளுக்கு மெத்தை மேடம் என்று பெயர். முகத்துக்கு முன்னால் வெறும் மேடம்; மெத்தை வந்து ஒட்டிக்கொள்வது அவள் அந்தப் பக்கம் திரும்பிய பிறகு. மெத்தை நிறுவனத்தில் பத்தொன்பது வருடமாக விளம்பரம் எழுதுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? 'சாய்ந்தால் எழ மனம் வராது' என்று பேருந்துகளின் முதுகிலெல்லாம் ஓடிய வாசகம் அவள் எழுதியதுதான். அந்தக் காலத்தில் அதைப் பார்த்துத் தலைகால் புரியாமல் பூரித்துப்போனவள், இப்போது சிவப்பு விளக்கில் அது முன்னால் வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மனசு எப்போதோ ராஜினாமா கொடுத்துவிட்டது. உடம்பு மட்டும் தவறாமல் வருகைப்பதிவு வைத்துக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் விளம்பரக்காரர்களின் மாநாட்டுக்குப் போனாள். ஒருத்தர் மேடையில் பேச, ஐந்நூறு பேர் ஃபோனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டும் கூட்டத்துக்கு மாநாடு என்று பெயர். ஏசிக் குளிர் எலும்பு வரைக்கும் போனது. கடைசி நாள் மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருக்கும் கண் சொருகும் வேளையில், 'திருப்பிக் கொடுப்போம்' என்று ஒரு நிகழ்ச்சி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வட்ட மேசைக்கும் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே சக்கர நாற்காலி, பாகம் பாகமாக. கூடவே ஸ்பேனர். மேசைக்காரர்கள் சேர்ந்து அதைப் பூட்ட வேண்டும். முதலில் முடித்த மேசை மணியடிக்கும். அந்த நாற்காலியை மட்டும் மேடையிலேயே ஒருவருக்குக் கொடுப்பார்கள். மற்றவை வண்டியில் ஏறி வீடு வீடாகப் போய்ச் சேரும்.

தானம் செய்யச் சொன்னால் யோசிப்பார்கள். போட்டி என்று சொல்லிப் பாருங்கள். கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஆளாளுக்குத் தரையில் மண்டியிட்டார்கள். மெத்தை மேடம் செருப்பைக் கூட உதறிவிட்டாள். கையில் கிரீஸ் ஒட்டியது. எத்தனையோ வருடம் கழித்து, தொட்டுப் பார்க்கும்படியான ஒன்றைச் செய்கிறோம் என்று அவளுக்கு நெஞ்சு விம்மியது. அது பொய்யில்லை. அதைப் பிற்பாடு நினைத்துப் பார்த்தபோதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

நாற்காலி எழுந்து நின்றது. அடுத்த மேசைக்காரர்கள் கடைசிச் சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது இவள் மேசையிலிருந்த சோப்பு கம்பெனிக்காரர் தரைவிரிப்பின் மடிப்பிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரு நட்டு, ஒரு வாஷர்.

"மேடம், இது மிச்சம் இருக்கே? பிரேக்கோடதா இருக்குமோ?"

"ஸ்பேரா குடுத்திருப்பாங்க சார். மணியை அடிங்க!"

சொல்லிக்கொண்டே அதைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டாள். மணி அடித்தது. அரங்கமே திரும்பிப் பார்த்தது.

மேடைக்கு அழைத்து வரப்பட்டவர் ஒரு பஸ் டிரைவர். சர்க்கரை நோயில் ஒரு கால் போய் வேலையும் போனவர். மகள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஸ்டியரிங்கைத் தேடுகிறவர் மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டிச் சிரித்தார். பிறகு, தன் மேசை சார்பில் மேடையில் நின்ற அவள் பக்கம் சாய்ந்து, மைக்குக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"பிரேக் நல்லாப் பிடிக்குமாம்மா? எங்க வீட்டு வாசல் ஒரே சரிவு. இறங்கினா நேரா ரோடுதான்."

"நல்லாப் பிடிக்கும்யா," என்றாள் வாய் கூசாமல்.

அதற்கப்புறம் மைக்கைக் கொடுத்தார்கள். "இத்தனை வருஷமா ஜனங்களைப் படுக்க வைக்கத்தான் எனக்குத் தெரிஞ்சுது. இன்னிக்குத்தான் ஒருத்தரை வீட்டை விட்டு வெளிய அனுப்பியிருக்கேன்," என்றாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவளுடைய மேலதிகாரி முன்வரிசையிலிருந்து ஓடிவந்தார். "மேடம், உதவிப் பணிக்குன்னு தனிப் பிரிவு ஆரம்பிக்கிறோம். நீங்கதான் தலைமை. மறுபேச்சே கிடையாது." அவளும் மறுபேச்சு பேசவில்லை. இனி காலையில் எழுந்தால் போவதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று மட்டும் தோன்றியது.

வீட்டு வாசலில் சாவிக்காகக் கைப்பையைத் துழாவியபோது விரலில் தட்டுப்பட்டது நட்டு.

மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. காரில் வரும்போது அந்தக் கைப்பையைப் பக்கத்து இருக்கையில் வைக்காமல் பின்னால் போட்டிருந்தாள். உள்ளே போய்க் கணவனிடம் காட்டினாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனுஷன். இத்தனூண்டு திருகாணிகளோடு காலம் தள்ளுகிறவன்.

"இதுக்கா முகம் இப்படி இருக்கு? அவ்வளவு பெரிய மாநாடு, குடுக்கிறதுக்கு முன்னாடி யாராவது செக் பண்ணியிருப்பாங்க. நீ போட்டு மனசைக் குழப்பிக்காத."

ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் 'யாராவது' என்ற சொல் அவளை முள்ளாய்க் குத்தியது. அங்கே இருந்த யாராவது அவள்தான்.

"ஏங்க, அவர் கேட்டாருங்க. பிடிக்குமான்னு என்கிட்டயே கேட்டாரு."

கணவன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

காலையில் மாநாட்டு அமைப்பாளருக்கு ஃபோன் செய்து டிரைவரின் முகவரி கேட்டாள். "ஐயோ மேடம், லீவு நாள்ல நேர்ல போய்ப் பாக்குறீங்களா? உங்க மனசு யாருக்கு வரும்! கேமராமேனை அனுப்பட்டுமா?" என்றார். அப்போதும் அவள் உண்மையைச் சொல்லவில்லை. வேண்டாம் என்று மென்று முழுங்கினாள். தப்பைத் திருத்தப் போவதற்குக் கூடப் பாராட்டு வாங்கிக்கொண்டுதான் கிளம்பினாள்.

வீடு அவர் சொன்னபடியே இருந்தது. கதவைத் திறந்தால் சிமெண்ட் சரிவு. சரிவு முடிகிற இடத்தில் கேட். கேட்டைத் தாண்டினால் பஸ் ஓடுகிற ரோடு. நாற்காலி கூடத்தில் நின்றது. சக்கரத்துக்கு அடியில் ஒரு செங்கல். இடது பிரேக்கைச் சுற்றிப் பழைய துண்டுத்துணிக் கட்டு. டிரைவர் கட்டிலில் இருந்தார். முழங்கையில் பிளாஸ்திரி. அவளைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது.

"அம்மா, நானே சொல்லணும்னு இருந்தேன். தப்பு என்னுதுதான். நேத்து சாயங்காலம் வாசல்ல காத்து வாங்க உக்காந்தேன். பிரேக்கைச் சரியாப் போடாம விட்டுட்டேன் போல. உருண்டு போய்க் கேட் தூண்ல இடிச்சு நின்னுடுச்சு. பிரேக்கும் கழண்டுபோச்சு. வந்த அன்னிக்கே உடைச்சிட்டேன். தயவுசெஞ்சு திருப்பி எடுத்துட்டுப் போயிடாதீங்க."

"நான் தண்ணி எடுக்க உள்ள போனேன் மேடம், அதுக்குள்ள," என்றாள் மகள். "முப்பது வருஷம் பஸ்ஸுக்குப் பிரேக் போட்டவரு, வீட்டு வாசல்ல போட மறக்கலாமா? தூண் மட்டும் இல்லேன்னா…"

மெத்தை மேடம் வரும் வழியெல்லாம் அழகழகாக வாக்கியங்கள் சேர்த்து வைத்திருந்தாள், தொழில் புத்தி. ஒன்றும் வாயில் வரவில்லை. கைப்பையைத் திறந்து நட்டையும் வாஷரையும் கட்டில்மேல் வைத்தாள்.

"நீங்க உடைக்கலைங்கய்யா. பூட்டும்போதே மிச்சம் விழுந்துது. எனக்குத் தெரியும். முதல்ல மணியடிக்கணும்னு எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். நீங்க கேட்டப்பவும் தெரிஞ்சேதான் சொன்னேன்."

டிரைவர் அந்த நட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள்தான் முதலில் அசைந்தாள். மேடத்தின் பக்கம் வரவில்லை. அப்பாவின் காலடியில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் சொன்னதெல்லாம்…" அதற்குமேல் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "நேத்து ராத்திரி பூரா இவரைத் திட்டித் தீர்த்தேன் மேடம். இனிமே உங்களை நம்பி எதையும் விட முடியாதுன்னு சொல்லிட்டேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை, சோறும் வேண்டாம்னுட்டாரு. அதைச் சரிபண்ண உங்க பையில நட்டு இருக்கா?"

இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"விடும்மா," என்றார் டிரைவர் மகளிடம். குரலில் கோபத்தை விட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது. "போட்டேன்னு எனக்குத் தெரியும். போட்டேனான்னு ராத்திரி முழுக்க எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. மூளையும் போயிடுச்சோன்னு பயந்துட்டேன்."

தெருமுனை சைக்கிள் கடைக்காரருக்கு மகள் சொல்லி அனுப்பினாள். அவர் வந்து துணிக்கட்டை அவிழ்த்துக் குனிந்த நேரத்தில், மேடம் வாசலுக்குப் போய் அமைப்பாளரை மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை எதையும் விழுங்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, மற்ற மேசைகளிலும் மிச்சம் விழுந்ததா என்று கேட்டாள்.

அமைப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "மேசை துடைக்கிறப்போ கொஞ்சம் கிடைச்சுது மேடம். ஒரு கிண்ணத்துல போட்டு வெச்சிருக்கோம்."

"கிண்ணத்தை எடுத்துக்கிட்டு, எல்லா முகவரியையும் எடுத்துக்கிட்டு உடனே இங்க வாங்க. ஒரு மெக்கானிக்கோட இன்னிக்கே ஒவ்வொரு வீடாப் போறோம்."

"வெளிய தெரிஞ்சா பேர் கெட்டுடுமே மேடம்! உங்க புதுப் பதவி வேற…"

"எம்பேரைச் சொல்லிக்கங்க. பதவி இருந்தா இருக்கட்டும், போனாப் போகட்டும்."

கடைக்காரர் வேலையை முடித்துக் கையைத் துடைத்தார். டிரைவர் கட்டிலிலிருந்து நாற்காலியைக் காட்டினார். "நீங்க உக்காருங்கம்மா."

"நானா?"

"நீங்கதானே பூட்டினீங்க."

உட்கார்ந்தாள். மகள் தள்ளிக்கொண்டு போய்ச் சரிவின் மேல்முனையில் ரோட்டைப் பார்க்க நிறுத்தினாள். இரண்டு பிரேக்கையும் போட்டாள். கைப்பிடியை விட்டுவிட்டு விலகிக்கொண்டாள்.

கேட் திறந்தே கிடந்தது. ஒரு பஸ் போனது, அவள் வாசகம் முதுகில் இல்லாத பஸ். அவள் கால்கள் தாமாகவே தரையைத் தேடின. அவற்றை இழுத்துக் கால்பலகைமேல் வைத்துக்கொண்டாள். நாற்காலி அசையவில்லை.

"இப்பச் சொல்லுங்க," என்று பின்னாலிருந்து டிரைவரின் குரல் கேட்டது. "பிரேக் நல்லாப் பிடிக்குதாம்மா?"

ஆமாம் என்ற சொல் பழக்கத்தில் நாக்கின் நுனிக்கு ஓடி வந்தது. அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்து பாத்துட்டுச் சொல்றேன்யா."