காது மெஷின் கடையில் ஒரு பெரிய சொல்

காது கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டு யாரும் எங்கள் கடைக்கு வருவதில்லை. ‘வீட்டில் எல்லாரும் மெதுவாகப் பேசுகிறார்கள்’ என்றுதான் வருவார்கள். நாகர்கோவிலில் காது மெஷின் விற்கும் கடை. முன்மேசையில் உட்கார்ந்து அந்தப் பொய்யைப் படிவத்தில் எழுதிக்கொள்வது என் வேலை. மனசு எப்படிக் கிடந்தாலும் முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு நீங்களும் ஒரு கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் என்றால், நான் அதிகம் விளக்க வேண்டாம்.

நான் கான்வென்ட்டில் படித்தவள் என்பதற்காகத்தான் முதலாளி வேலை கொடுத்தார். அவர் வாயில் எப்போதும் ஒரே சொல்: சோபிஸ்டிகேட்டட். மெஷின் சோபிஸ்டிகேட்டட், மாட்டியிருப்பதே தெரியாது. என் பேச்சு சோபிஸ்டிகேட்டட், பக்கத்து மேசைக்குக் கேட்காது. பள்ளிக்கூடத்தில் எங்கள் சிஸ்டரும் இதே சொல்லைத்தான் சொல்வார், கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிற பிள்ளைகளைப் பார்த்து. அதில் நான் முதல் ஆள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. மிக்ஸி ஓடினாலும் குக்கர் விசிலடித்தாலும் உறக்கம் கலைவதில்லை. பரிசோதனை அறை என் நாற்காலியிலிருந்து பத்தடி தூரம். ஆறு மாதம் அவளை அங்கே கொண்டுபோகவில்லை. சோதித்துப் பார்த்தால்தானே உண்மையாகும் என்று ஒரு பயம். இதையும் அவள் உறங்கிய பிறகுதான் எழுதுகிறேன், அவளுக்கு விளக்கு வெளிச்சம்தான் இடைஞ்சல், சத்தம் இல்லை.

சிரித்த முகம்

மணவாளக்குறிச்சியிலிருந்து ஒரு மாமா மெஷின் வாங்கிப் போனார். பத்து வருஷமாகக் காது சரியில்லை. எட்டாம் நாள் மாமி அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மெஷினில் ஒரு கோளாறும் இல்லையாம். மாமாதான் கெட்டுப்போனாராம். “எங்க சொந்தத்துலயே டீசன்டான ஆளு இவருதான் பாத்துக்கோ. யாரு என்ன சொன்னாலும் சிரிச்சிட்டே இருப்பாரு. இப்பம் எல்லாத்துக்கும் பதில் சொல்லுதாரு. நேத்து எனக்க அண்ணன அடிக்கப் போயிட்டாரு. இத நீங்களே திரும்ப எடுத்துக்கிடுங்க.”

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. மெஷினைக் கழற்றி மேசையில் வைத்தார், பிறகு அவரே எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “பத்து வருசமா மச்சினன் என்னத்தச் சொல்லிட்டிருந்தான்னு இப்பந்தான் தெரியுது பிள்ளே. அதுக்கெல்லாமா நான் சிரிச்சிட்டு இருந்தேன்?”

சிவப்பு உண்டா?

“வள்ளத்துல எல்லாவனும் முணுமுணுக்கானுவ” என்று சொல்லிக்கொண்டு வந்தார் முட்டத்து மீனவர் ஒருவர். நான் மெஷின் இருந்த தட்டை நீட்டினேன். பயறுமணி அளவு, தோல் நிறம். “இது சோபிஸ்டிகேட்டட் அண்ணா, போட்டிருப்பதே தெரியாது.” கையில் வாங்கினார். கயிறு இழுத்துப் பிளந்த உள்ளங்கையில் அது காணாமல் போனது. “இது வேண்டாம் மக்கா, கழன்டு விழுந்தா எங்கன தேடுவேன்? செவப்பு உண்டா?”

சிவப்பு, சின்னப்பிள்ளைகளுக்கென்று வருவது. காதுக்குப் பின்னால் பளிச்சென்று நிற்கும். அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும் அதை நான் பார்க்காமல்தான் எடுப்பேன், காரணம் உங்களுக்குத் தெரியும். எடுத்து வைத்துவிட்டு, எல்லாருக்கும் தெரிந்துவிடுமே அண்ணா என்றேன். “தெரியட்டும். தெரிஞ்சாத்தானே மக்கா, ஆளுவ எனக்க முகத்தப் பாத்துப் பேசுவானுவ.”

பூ வைத்தால் மறையுமா?

வயல் சூழ்ந்த ஒரு ஊரிலிருந்து ஒரு டீச்சரம்மா, பத்தொன்பது வயது மகளோடு வந்தார். அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். சின்ன மெஷின் இந்தக் காதுக்குப் போதாது என்று பரிசோதனை செய்யும் பிரிசில்லா அக்கா சொல்லிவிட்டார். டீச்சரம்மா மகளின் முடியை இறக்கிவிட்டுப் பார்த்தார், ஏற்றிக் கட்டிப் பார்த்தார். “முல்லைப்பூ நெறைய வச்சா மறையும்லா?” என்று என்னைக் கேட்டார். மறையும் என்றேன். அது என் வேலை.

அவர் போன் பேச வெளியே போனார். அந்தப் பெண் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். அவள் பேச்சில் சில எழுத்துகள் தேய்ந்திருந்தன. “மூணு வயசுலயே அம்மைக்குத் தெரியும்க்கா. வெளிய தெரிஞ்சா நல்லாருக்காதுன்னு எங்கயும் காட்டல்ல. எனக்குக் கோவம் ஒண்ணும் கெடையாது. அம்மை நல்லாப் பாடுவாளாம், ஊர்ல எல்லாரும் சொல்லுவாவ.”

கான்வென்ட்காரியின் மகள்

அன்று வீட்டுக்குப் போனால், மாமியாரோடு பக்கத்து வீட்டு அக்கா இருந்தார். என் மகள் தரையில் உட்கார்ந்து கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். “கான்வென்ட்காரிக்க மோளுல்லா! ஒரு சத்தம் கெடையாது. என்ன டீசன்டு! எனக்க பேரனும் இருக்கானே, சவம்.” மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. ஷார்ஜாவிலிருந்து போனில் பேசும் என் கணவருக்கும் அதே பெருமைதான். நானும் சிரித்தேன். மணவாளக்குறிச்சி மாமா பத்து வருஷம் சிரித்த சிரிப்பு அது.

திங்கட்கிழமை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று கடையில் பொய் சொல்லி மகளையும் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து மெஷின் படங்கள் போட்ட புத்தகத்தைப் புரட்டினாள். முதலாளி குனிந்து கன்னத்தைத் தட்டினார். “என்ன ஒரு சோபிஸ்டிகேட்டட் பேபி! புது இடம், அழவே இல்ல பாரு.” அவளுக்குப் பின்னால் நின்றிருந்த பிரிசில்லா அக்கா, கையிலிருந்த தடித்த ஃபைலைத் தரையில் போட்டார். கடையே திரும்பிப் பார்த்தது. என் மகள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அக்கா ஃபைலை எடுக்கவில்லை. என் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் கேட்டார்: “ஏட்டி, எத்தன நாளா ஒனக்குத் தெரியும்?”

ஆறு மாதம் என்று நான் சொன்னது, ரோட்டில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும். முதலாளி ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். பிரிசில்லா அக்கா என் கையில் ஒரு படிவத்தைத் தந்தார். பெயர் எழுதினேன், வயது எழுதினேன். ‘என்ன தொந்தரவு’ என்ற இடத்துக்கு வந்ததும் பழகிய கை, ‘வீட்டில் எல்லாரும் மெதுவாக’ என்று எழுதிவிட்டது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

எங்கள் கடைப் படிவத்தில் ‘காது கேட்கவில்லை’ என்று முதன்முதலாக எழுதிக்கொடுத்த ஆள், கதவைச் சத்தமில்லாமல் சாத்தப் படித்த நான்தான்.