கொட்டகைப் பாட்டு, சாமி பாட்டு

எங்கள் அடுத்த வீட்டு மலாய்க்காரர் என் அம்மாவின் தாலாட்டைச் சீட்டியடிப்பார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு நான் குடிவந்த முதல் வாரத்திலேயே அதைக் கேட்டேன். காலையில் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில், ஓட்டு வீட்டுக்குள், என் அம்மா பாடிய பாட்டு அது. முருகன் மயிலேறி வருகிறான், கண்ணே தூங்கு என்று போகும். அந்த மெட்டு சமுத்திரம் கடந்து, யூசோப் என்கிற, தண்டவாளம் மாற்றிவிடும் ஒரு பாயிண்ட்ஸ்மேனின் உதட்டில் எப்படி வந்து உட்கார்ந்தது என்று எனக்குப் புரியவில்லை. வீட்டில் நான் பாடுவதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டிருப்பார் என்று பார்த்தால், நான் வந்தே நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது.

அப்போது என் மலாய் கடைத்தெருவுக்கு மட்டும்தான் போதும். மார்பில் கைவைத்து, "லாகு மாக் சாயா" என்றேன். என் அம்மாவின் பாட்டு என்று அர்த்தம். அவர் முகம் மலர்ந்தது. "மாக் சாயா ஜுகா," என் அம்மாவுக்கும்தான் என்றார். பிறகு, "இத்து லாகு பங்சாவான்" என்று தலையை ஆட்டினார். ஆபீசில் மலாய் தெரிந்த ஒருவரிடம் பங்சாவான் என்றால் என்ன என்று கேட்டேன். உயர்ந்த குலத்தார், பெரிய மனிதர்கள் என்றார். அன்றைக்கு நான் வீடு திரும்பிய நடையே வேறு. பாஷை தெரியாத மனிதர்கூட என் தாயின் பாட்டை உயர்குலத்துப் பாட்டு என்கிறாரே என்று மனைவி செல்லத்திடம் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமையைப் பல வருஷம் சுமந்தேன்.

இங்கே வந்திருப்பவர்களுக்குத் தெரியும், ஊரிலிருந்து கொண்டுவந்த பாத்திரம் நசுங்கும், வேட்டி கிழியும், பேச்சில்கூட லோரி, பாசார் என்று பிற சொற்கள் புகுந்துகொள்ளும். பாட்டு மட்டும் அப்படியே இருக்கும் என்று நம்பினேன். அதனால்தான் சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் குவார்ட்டர்ஸில் பஜனை ஆரம்பித்தோம். நான் சரக்கு ஆபீஸ் குமாஸ்தா, எனக்கு நடுத்தரமான குரல். எங்களிடம் இருந்த நல்ல குரல் ராமலிங்கத்துடையது. ரயிலில் கார்டு வேலை. என்னைவிடப் பத்து வயது சின்னவர், அண்ணே அண்ணே என்று உயிராக இருப்பார். அவர் வாய் திறந்தால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துச் சீனர் வீட்டிலிருந்தும் எட்டிப் பார்ப்பார்கள்.

அப்புறம் பேசும் படம் வந்தது. படத்துக்கு முன்னாலேயே சில சமயம் அதன் கிராமபோன் பிளேட்டுகள் கப்பலில் வந்து இறங்கிவிடும். ராவுத்தர் சாப்பாட்டுக் கடையில் காலை முதல் ஊசி தேய்ந்துகொண்டே இருக்கும். எனக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அப்போது ஒரு பிரசங்கமே செய்திருப்பேன். ஆரம்பித்த சூட்டோடு முடிந்துவிடுகிறது, வார்த்தையில் சத்து இல்லை, பாடுகிறவருக்குத் தொண்டை கட்டுவதில்லை, இருமல் வருவதில்லை, நேற்று இழுத்த இடத்தில்தான் இன்றும் இழுக்கிறார். உயிருள்ள மனிதன் அப்படிப் பாடுவானா? ஆனால் அதே கடையில், தோளில் துண்டோடு நின்ற ஒரு கூலியாள், டீ ஆறுவது தெரியாமல் அந்தப் பிளேட்டைக் கேட்டுக் கண் கலங்கியதையும் பார்த்திருக்கிறேன். அதை என்ன கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் மறந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை ராமலிங்கம் புதுப் பாட்டு என்று ஆரம்பித்தார். வார்த்தை முழுக்க வேலவன், வள்ளி. மெட்டு அந்த வாரம் ராவுத்தர் கடையில் சுழன்ற சினிமா மெட்டு. பெண்கள் பகுதியில் சிரிப்பு எழுந்தது, பிறகு தாளம் சேர்ந்தது. பஜனை அத்தனை உற்சாகமாக இருந்ததே இல்லை. முடிந்ததும் நான் எல்லார் முன்னாலும், "கொட்டகைப் பாட்டைக் கொட்டகையில பாடு. சாமி முன்னால வேணாம்" என்றேன்.

"சாமி பேருதானேண்ணே பாடினேன்," என்றார் அவர்.

"மெட்டு யாரு பேரைச் சொல்லுதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

அவர் ஜால்ராவைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் கிள்ளானுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் பஜனைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். பழையதைக் காப்பாற்றியவன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இந்த வருஷம் செல்லத்துக்குப் பிரசவம். உதவிக்கு என் அக்கா காமாட்சி கப்பலேறி வந்தாள். அவள் எனக்குப் பதினோரு வயது மூத்தவள். பெண் குழந்தை பிறந்து சில வாரங்கள் ஆனபின் ஒரு பிற்பகல், நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டு அம்மாவின் தாலாட்டைப் பாடினேன். முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த அக்கா முதலில் புன்னகைத்தாள். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்னக்கா?"

"அப்பா இருந்தா இந்தத் தொட்டிலையே அவுத்துப் போட்டிருப்பாரு. இது கொட்டகைப் பாட்டுடா தம்பி. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அக்கா சொன்னாள். நான் பிறப்பதற்கு முன்னால் எங்கள் ஊர்ச் சந்தைத் திடலில் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டதாம். வடக்கேயிருந்து வந்த பார்சிக்காரர் நாடகங்களின் மெட்டை எடுத்துத் தமிழ் வார்த்தை போட்டுப் பாடினார்களாம். காதலனைப் பிரிந்தவள் பாடுகிற பாட்டு இது. அம்மா அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அக்காவைக் கையில் பிடித்துக்கொண்டு நாடகம் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். பிறகு அடுப்படியில் முணுமுணுத்திருக்கிறாள். அப்பா காதில் விழுந்துவிட்டது.

"நாடகக்காரி பாட்டுப் பாடுற வீட்டுல எனக்குச் சோறு வேணாம்னுட்டு, கோயில் மடத்துலயே சாப்பிட்டாரு. அம்மா அழுதா. அப்புறம் நீ பொறந்த. காதலன் இருந்த எடத்துல முருகனைப் போட்டுத் தாலாட்டா மாத்திட்டா. சாமி பேரு வந்ததும் அப்பா வாயைத் திறக்கல."

"அம்மா எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"உங்கிட்ட எதுக்குச் சொல்றா? நீதான் தூங்கிட்டியே."

அக்கா மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். நான் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். ராமலிங்கத்திடம் நான் பேசியது, நான் பார்த்தேயிராத ஒரு சண்டையில் அப்பா பேசியதைப் போலவே இருந்தது. அம்மா செய்ததைத்தான் ராமலிங்கம் செய்திருக்கிறார். அம்மா செய்தது புனிதம், அவர் செய்தது பிழை என்று எந்தத் தராசில் நிறுத்தேன்?

மறுநாள் யூசோப் வேலியோரம் வாழை நட்டுக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன், இந்தப் பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும் என்று. இப்போது என் மலாய் கொஞ்சம் தேறியிருந்தது. அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு விளக்கினார். பங்சாவான் என்பது அவர்களுடைய கொட்டகை நாடகத்துக்குப் பெயராம். ராஜா, ராணி வேஷம் கட்டி ஆடுவதால் அப்படிப் பெயர் வந்திருக்கலாம் என்றார். அவர் தாயார் சிறுபெண்ணாக இருந்தபோது பினாங்கில் அதைப் பார்த்தாராம். இளவரசி கப்பலேறும் இளவரசனுக்காகப் பாடும் பாட்டாம். என்னை அன்போடு பார்த்து, "உங்க அம்மா எப்போ பினாங்கில் இருந்தாங்க?" என்று கேட்டார்.

"என் அம்மா கப்பலையே பார்த்ததில்லை," என்றேன்.

அவர் நம்பவில்லை. இத்தனை வருஷமாக, எங்கள் நாட்டுப் பாட்டை இந்த இந்தியாக்காரர் எவ்வளவு ஆசையாகப் பாடுகிறார் என்று அவரும் தன் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பார்சிக்காரர்களே பினாங்குக்கும் கப்பலேறி வந்து இந்த மெட்டை இறக்கியிருக்கலாம் என்று அவருக்குச் சொல்லப் பார்த்தேன். என் மலாய் போதவில்லை. அவர் என் தோளைத் தட்டி, சண்டையை முடித்துவைக்கிற மாதிரி, "சாமா சாமா" என்றார். இருவருக்கும் ஒன்றுதான் என்பதாக எடுத்துக்கொண்டேன். நன்றி சொன்னால் பதிலுக்கும் இங்கே அதையேதான் சொல்வார்கள்; நான் நன்றி சொன்னதாக நினைத்துச் சொன்னாரோ என்னவோ.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு வண்டியேறினேன். ராமலிங்கத்தின் வீடு ஆற்றுக்குக் கிட்டத்தில் இருந்தது. என்னைக் கண்டதும் எதுவும் நடக்காததுபோல நாற்காலி போட்டார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். நான் அக்கா சொன்ன கதையை அப்படியே சொன்னேன். சொல்லிவிட்டு, "அதனால நீ தாராளமா அந்தப் பாட்டைப் பாடு ராமலிங்கம். பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தே பாடு" என்றேன்.

அவர் காப்பியைக் கீழே வைத்தார். "நான் அதை விட்டுட்டேண்ணே. நீங்க சொன்னதுதான் சரி."

"ஏன்?"

"இங்க வந்தும் பாடினேன். கூட்டம் நல்லா வந்துச்சு. ஒரு நாள் கண்ணை மூடிக்கிட்டுப் பாடுறேன், முருகன் வரல்ல. படத்துல பாடின அந்தம்மாதான் வருது, மரத்தைச் சுத்திக்கிட்டு. எனக்கே கூசிப்போச்சு. இப்ப பழைய பாட்டு மட்டும்தான்."

"நீ பழைய பாட்டுன்னு சொல்றதும் இப்படி வந்ததாத்தான் இருக்கும். கொஞ்ச காலம் போகட்டும். அந்தம்மாவை ஜனங்க மறந்துடுவாங்க. அப்ப முருகன் வருவாரு. எங்கம்மா பாட்டுல வந்தாரே."

"அதுவரைக்கும் நான் யாரைண்ணே கும்பிடுறது?"

நான் அவருடைய கட்சிக்கு மாறிப் போயிருந்தேன், அவர் என்னுடைய கட்சிக்கு மாறி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி உள்ளிருந்து, "ரெண்டு பேரும் பாடுறதை விட்டுட்டுப் பேசியே பொழுதைப் போக்குங்க" என்றார். உண்மையில் அன்று நாங்கள் ஒரு பாட்டும் பாடவில்லை. எதை எடுத்தாலும் இது எங்கேயிருந்து வந்ததோ என்ற சந்தேகம் இடையில் வந்து உட்கார்ந்தது. ஆனாலும் கிளம்பும்போது அவர் ஸ்டேஷன் வரை கூட வந்தார். சனிக்கிழமை ஓய்வு கிடைத்தால் வருகிறேன் என்றார். அது போதுமென்று இருந்தது.

திரும்பும் வண்டியில் மூன்றாம் வகுப்புப் பெட்டி முழுக்கத் தோட்டத்து ஜனங்கள். கிள்ளானில் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறார்கள். வண்டி நகர்ந்ததும் ஒரு நடுத்தர வயதுப் பெண் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் பாடினார்கள். "கிள்ளான் ரயிலு வளையுது பார், கித்தாப் பாலு உறையுது பார்" என்று தொடங்கியது. ரப்பருக்கு இங்கே கித்தா என்று பெயர். பால்மரம், மழை, கங்காணி, மலாய்க் கிராமத்துப் பூனை எல்லாம் அதில் வந்தன. எந்த நாடகத்து மெட்டும் இல்லை, எந்தப் பிளேட்டிலும் நான் கேட்டதில்லை. நல்ல பாட்டா, மட்டமான பாட்டா என்று சொல்ல முடியவில்லை. ஒத்துப்பார்க்க என்னிடம் எதுவும் இல்லை. இந்த மண்ணிலேயே யாரோ கட்டியிருக்கிறார்கள். நான் ஜன்னல் கட்டையில் தாளம் போட்டேன். ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் பிந்திப்போனேன்.

அந்தப் பெண் என்னைக் கவனித்துவிட்டாள். "ஐயா பாடுற ஆளு மாதிரி இருக்கு. உங்க ஊருப் பாட்டு ஒன்னு எடுத்து விடுங்க" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். என் ஊர் என்று எதைச் சொல்கிறாள், அங்கே பிறந்த பாட்டு என்று எது என்னிடம் இருக்கிறது என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே வெறும் வாயோடு இருந்தேன். அவள் சிரித்துவிட்டு, என்னைத் தொந்தரவு செய்யாமல், தன் பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

பத்துத் திகா ஸ்டேஷனில் அவர்கள் எல்லாரும் மூட்டை முடிச்சோடு இறங்கினார்கள். பாட்டு நிற்கவில்லை. மேடையில் நடந்துகொண்டே பாடினார்கள். வண்டி கிளம்பியது. சக்கரச் சத்தத்தில் அடுத்த அடி கேட்கவில்லை. தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். கித்தா மரங்களுக்கு நடுவே அவர்கள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. காலியான பெட்டியில், பாட்டின் முதல் பாதியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்துக்கொண்டே கோலாலம்பூர் வந்து சேர்ந்தேன்.