ஹார்னி கவுன்டியில் விரல் தூக்குகிறவர்கள்

வியாழன் காலை. மனோர் பார்க்கில் ஹீத்ரோவுக்கு எலிசபெத் லைன் ஏறியபோது என் கைப்பையில் போவதற்கு ஒரு டிக்கெட்டும் திரும்பி வருவதற்கு இரண்டு டிக்கெட்டுகளும் இருந்தன. மகளைக் கூட்டிக்கொண்டு வருவதற்காகப் போனேன்.

ஆரணிக்கு இருபத்து நான்கு வயது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நிலத்தடி நீர் பற்றி ஆய்வு செய்கிறாள். கோடைகாலம் முழுவதும் ஓரிகன் மாநிலத்தின் ஹார்னி கவுன்டியில் பண்ணைக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளப்பது அவள் வேலை. முந்தைய வாரம் அங்கே சரளைக்கல் போட்ட ஒரு கிரவல் பாதையில் அவளுடைய ஜீப் புரண்டுவிட்டது. "இடது கை மட்டும்தானம்மா முறிஞ்சது, அவ்வளவுதான்" என்று போனில் சொன்னாள். அந்த 'அவ்வளவுதான்' என் நித்திரையைக் கொண்டுபோய்விட்டது.

கவுன்டி என்றதும் லண்டனில் இருக்கும் நமக்கு கென்ட், எசெக்ஸ்தான் ஞாபகம் வரும். ஹார்னி வேறு மாதிரி. இருபத்தாறாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். இலங்கையில் நம்முடைய வட மாகாணத்தை ஏறக்குறைய மூன்று தடவை அதற்குள் வைக்கலாம். சனத்தொகை ஏழாயிரத்து ஐந்நூறு அளவில். மனோர் பார்க்கில் நாலைந்து தெருவுக்கே அவ்வளவு சனம் இருக்கும்.

சியாட்டிலில் விமானம் மாறி, பொய்சி என்ற நகரத்தில் இறங்கி, இரவு அங்கே தங்கினேன். வெள்ளி காலை எட்டு மணிக்கு வாடகைக் காரில் புறப்பட்டேன். கவுன்டியின் தலைநகரான பர்ன்ஸ் அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டர். லண்டனுக்கு வருமுன் பாரிசில் பத்து வருடம் இருந்தாலும், கார் ஓடப் பழகியது ரோம்ஃபோர்ட் ரோட்டில்தான். வலப்பக்கம் ஓடியதே கிடையாது. இவர், என் கணவர், லண்டனிலிருந்து வட்ஸ்அப்பில் குரல் அனுப்பிக்கொண்டே இருந்தார்: "வலப்பக்கம்! கேக்குதே? வலப்பக்கம்!"

வேல் என்ற சிற்றூரைத் தாண்டினால் பாதையும் ஆறும் மட்டும்தான். ஆற்றின் பெயர் மால்ஹியர். பிரெஞ்சு தெரிந்த எனக்கு அது 'துர்ப்பாக்கியம்' என்று வாசிக்கப்பட்டது. பிள்ளையைப் பார்க்கப் போகிற தாய்க்கு ஒவ்வொரு பாலத்திலும் அந்தப் பெயர்ப்பலகை.

ஹார்னி எல்லையில் நேரம் ஒரு மணித்தியாலம் பின்னால் போகிறது. மரமே இல்லாத, சாம்பல் பச்சைப் பற்றைகள் நிறைந்த வெளி. எதிரே ஒரு பிக்கப் வாகனம் வந்தது. பின் கண்ணாடியில் துப்பாக்கி தொங்கியது. ஓட்டி வந்தவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார்.

துப்பாக்கியோடு வருகிறவன் ரோட்டில் விரல் தூக்கினால் ஊரில் சோதனைச்சாவடிகளைக் கண்ட எங்கள் தலைமுறைக்கு ஒரே அர்த்தம்தான்: நில். ஓரமாக நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கி, பாஸ்போர்ட்டை வெளியே எடுத்து, இரண்டு கையும் தெரியும்படி ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பிக்கப் போய்விட்டது. தூசி மட்டும் வந்தது.

அடுத்த வாகனமும் விரல் தூக்கியது, நானும் நிறுத்தினேன். அதற்கடுத்ததும் அப்படியே. கடைசியாக விரல் தூக்கிய வெள்ளை மீசைக் கிழவர் திரும்பி வந்து, "டயர் போய்விட்டதா? தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டார். இல்லை, நன்றி என்றேன். கையிலிருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் விளங்காமல் போனார்.

பர்ன்ஸில் விடுதி அறை ஒரு இரவுக்கு நூற்றுப் பத்து டொலர். வாசலில் கையில் கட்டோடு ஆரணி நின்றாள். கட்டிப்பிடிக்கும்போது எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை பிளைட். உனக்கும் சேர்த்து எடுத்திட்டன்" என்றேன்.

"நான் வரேல்லையம்மா. ரெண்டு கிணறு மிச்சம். நாளைக்கு அளக்காட்டி இந்த மாசக் கணக்கு அறுந்திடும். திங்கள் என்ரை பிரெண்ட் வருவாள், பிறகு அவள் ஓடுவாள்."

"நாளைக்கு? ஒற்றைக் கையோடை என்னெண்டு ஓடுவாய்?"

"எனக்கு ஏலாது. நீங்கள் ஓடுங்கோ."

"எனக்கு விசரே?"

"முந்நூறு கிலோமீட்டர் தனிய ஓடி வந்த ஆள்தானே நீங்கள்."

ரோட்டில் நடந்ததைச் சொன்னேன். அவள் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அம்மா! அது ஹலோ! இஞ்சை எல்லாரும் எல்லாருக்கும் தூக்குவினம். நீங்களும் தூக்கோணும். சுட்டு விரல் மட்டும். நடு விரலைத் தூக்கிப் போடாதேங்கோ."

சனி காலை தென்கிழக்கே போனோம். நாற்பத்தைந்து கிலோமீட்டரில் கிரேன் என்ற ஊர். அங்கே பிள்ளைகள் வாரநாட்களில் தங்கிப் படிக்கும் அரசுப் பள்ளி ஒன்று உண்டு. பண்ணைகளிலிருந்து தினமும் வந்துபோக முடியாத தூரம். தெற்கே ஸ்டீன்ஸ் மலை, உச்சியில் இன்னும் பனி. அதில் உருகும் நீரில் பெரும்பகுதி கடலுக்குப் போவதில்லை. தாழ்ந்த ஏரிகளில் தேங்கி வெயிலில் மறைந்துவிடும் என்று ஆரணி விளக்கினாள். இந்த மண்ணின் பழைய மக்கள் பையூட் இனத்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு போருக்குப் பிறகு அவர்களை ஜனவரிப் பனியில் வடக்கே நடத்திக் கொண்டுபோனார்கள். பிறகு திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் இன்றும் பர்ன்ஸ் அருகே இருக்கிறார்கள்.

கிரவல் தொடங்கியது. ஒரு வளைவில், "இஞ்சைதானம்மா" என்றாள். கண்ணாடித் துண்டுகள் இன்னும் மின்னின. என் கால் பிரேக்கை விட மறுத்தது.

"மெதுவா. கியரைக் குறையுங்கோ. வெட்டித் திருப்பாதேங்கோ."

வளைவைக் கடந்தேன்.

கிணற்றடியில் பண்ணைக்காரர் காத்திருந்தார். அதே வெள்ளை மீசை! நேற்று மாடு விற்கப் போன வழியில் என்னைக் கண்டிருக்கிறார். பெயர் டேல். "இன்றைக்கு பாஸ்போர்ட் வேண்டாம்" என்று இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினார். ஆரணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவளைக் கண்டெடுத்தவரும் இவர்தான். அன்று காலை அவள் இவருக்கு விரல் தூக்கிப் போயிருக்கிறாள். அந்தப் பக்கம் ஒரே பாதைதான். பொழுது சாயும்வரை அவள் திரும்பவில்லை. "விரல் தூக்கிப் போனவர் திரும்பி வர வேண்டும். வரவில்லையென்றால் நாங்கள் போய்ப் பார்ப்போம்" என்றார். ஊர்க்கதை சொல்லும் குரலில்தான் சொன்னார். கொண்டுபோயிருந்த பருத்தித்துறை வடைப் பையை அப்படியே அவர் கையில் கொடுத்தேன்.

ஒன்றைக் கடித்துவிட்டு, "என் மகனைப் பதினான்கு வயதில் கிரேன் பள்ளியில் இறக்கிவிட்டேன்" என்றார். "திரும்பி வரும் வழி முழுக்க, வண்டியைத் திருப்பு என்று என் மனைவி சொல்லிக்கொண்டே வந்தாள். அடுத்த ஞாயிறு அவளேதான் கொண்டுபோய் விட்டாள்."

ஆரணி சொல்லச் சொல்ல, நானே அளவு நாடாவைக் கிணற்றுக் குழாய்க்குள் இறக்கினேன். நீரைத் தொட்டதும் கருவி கீச்சென்றது. "பெர்ஃபெக்ட் அம்மா!" என்று அவள் கத்தினாள். இரண்டாவது கிணற்றில் அவள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஞாயிறு விடிய, வாசலில் நின்றபடியே அவளிடம் விடைபெற்றேன். வா என்று நான் கேட்கவில்லை.

எல்லை தாண்டி ஜுன்டுரா என்ற சிற்றூரில் கோப்பிக்கு நிறுத்தியபோது போனில் அவள் செய்தி கிடந்தது: "அம்மா, நீங்கள் கவுன்டி தாண்டியிட்டீங்களாம். டேலின்ரை மகன் கண்டவர். நீங்கள்தானாம் முதல் தூக்கினது."

விமானத்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதில் என் கைப்பையை வைத்துவிட்டு, பத்து நாட்களுக்குப் பிறகு நன்றாக நித்திரை கொண்டேன்.

ஹீத்ரோவில் இவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "பிள்ளை எங்கை?"

"கிணத்தடியில. வேலை முடிய வருவாள்" என்றேன். "கார் திறப்பைத் தாங்கோ, நான் ஓடுறன்."