இறால் ஒத்துக்கொள்ளாதவள்

பல்கலைக்கழகத்தில் உணவுச் சந்தையியலும் ஊட்டச்சத்தும் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருடம் ஒவ்வாமை பற்றிய பாடம் வந்தது. எங்கள் மேடம் அறிகுறிகளை ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதினார். உதடு அரிப்பு, தோல் தடிப்பு, தொண்டை இறுகுவது. நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன். எல்லாம் எனக்கு இருந்தது.

பிளஸ் டூ படிக்கும்போதே இறால் உரித்தால் விரலிடுக்கெல்லாம் சிவந்து தடித்துவிடும். பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் தோணிரேவு எங்கள் ஊர். அங்கே எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம், அவர் ஏரியில் வலை போடுகிறவர். அவர் கொண்டுவருவதை அம்மா பழவேற்காட்டுக்கு எடுத்துப்போய் விற்பாள். "ஏரித்தண்ணி உப்புடி, அதான் அரிக்குது" என்று தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள். பிறகு இறால் குழம்பு சாப்பிட்டாலே உதடு அரிக்க ஆரம்பித்தது. வயிறு சரியில்லை, விரதம் என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம், "ஆஸ்டல் சோறு துன்னு இவளுக்கு நாக்கே மாறிப்போச்சு" என்பாள் அம்மா.

கடைசி வருடம் ஒவ்வொருவரும் ஒரு புது உணவுப்பொருள் செய்து காட்ட வேண்டும். மேடம் என்னைப் பார்த்து, "நீ பழவேற்காட்டுப் பொண்ணு. உனக்கு இறால்தான்" என்றார். காய்ந்த சின்ன இறாலைப் பொடித்து அரிசிமாவில் கலந்து முறுக்கு. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் காரணமும் சொல்ல வேண்டும். மீன்பிடிக்கிற வீட்டுப் பெண்ணுக்கு இறால் ஆகாது என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு வேலை செய்தேன். ருசி பார்ப்பதைத் தோழிகளிடம் விட்டேன்.

அதை எங்கள் ஊர்ப் பெண்களிடமே கொடுத்துக் கருத்துக் கேட்கலாம் என்று மேடம் முடிவு செய்தார். ஒரு சனிக்கிழமை சமுதாயக் கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் அம்மா, நல்ல புடவை கட்டிக்கொண்டு. காகிதத் தட்டுகளில் முறுக்கை வைத்தேன். எதிர்வீட்டு அத்தை தட்டை முகர்ந்து பார்த்தாள்.

"இன்னா போட்டுக்கீற இதுல? மொதல்ல நீ துன்னு. அப்பால நாங்க துன்றோம்."

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தபடி, "சாப்பிட்டுக் காட்டும்மா" என்றார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டு என்ன செய்துவிடும் என்று கடித்தேன்.

இரண்டாம் வரிசைக்குத் தட்டு கொடுக்கும்போது அண்ணம் அரித்தது. மூன்றாம் வரிசையில் உதடு கனத்தது. யாரோ ஏதோ கேட்டார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் குரல் வேறு யாருடையதோ போல வந்தது. கையிலிருந்த கருத்துப் படிவங்கள் கீழே விழுந்தன.

"இன்னாடி, மூஞ்சி இப்டி வீங்குது?" அம்மா ஓடிவந்தாள்.

நான் முறுக்கைக் காட்டி, தொண்டையைக் காட்டினேன். மேடத்தின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "யாரும் சாப்பிடாதீங்க. தட்டைக் கீழ வைங்க. ஆட்டோ கூப்பிடுங்க, சீக்கிரம்."

பழவேற்காடு ஆஸ்பத்திரி தூரமில்லை. ஆனால் வழியில் மீனுக்கு ஐஸ் கொண்டுவந்த லாரி ஒன்று பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டு ரோட்டை அடைத்திருந்தது. ஆட்டோக்காரர் இறங்கிப்போய்க் கத்தினார். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. "எவ கண்ணு பட்டுதோ" என்று அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே அழுதாள். மேடம் என் மணிக்கட்டைப் பிடித்தபடி, "பேசாதே, மூச்சை மட்டும் விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

டாக்டர் தொடையில் ஊசி போட்டார். சில நிமிடங்களில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, மூச்சுக்கு வழி கிடைத்தது.

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர். எறா துன்னு வளந்த பொண்ணு" என்றாள் அம்மா.

"வந்திருக்கு. இவ்வளவு இல்ல, ஆனா நாலஞ்சு வருஷமா வருது" என்றேன்.

என் தலையைத் தடவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

மேடம் கூடத்துக்கு போன் செய்து, வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு கட்டிலருகே உட்கார்ந்தார்.

"முப்பது பேருக்குக் கொடுக்க இருந்தோம். இறால் ஒத்துக்குமானு உன் படிவத்துல ஒரு கேள்வி இல்ல. இருக்கணும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"அப்புறம்?"

"கேட்டா, மொதல்ல நான்தான் ஆமானு எழுதணும்."

"அந்தப் படிவத்தை நானும் பார்த்துதானே கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

அம்மா இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது கேட்டாள். "எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"நீ நம்பமாட்டேனு நெனச்சேன்."

"நம்பியிருக்க மாட்டேன்தான்" என்றாள். அன்றிலிருந்து என் குழம்புக்குத் தனிச் சட்டி.

ஒரு மாதம் கழித்து அதே கூடத்துக்கு மறுபடியும் போனோம். இந்த முறை தட்டு கொடுக்கும் முன் ஒவ்வொருவரையும் தனியாக மூலைக்கு அழைத்து, இறால், நண்டு தொட்டாலோ தின்றாலோ அரிப்பு, மூச்சுத் திணறல் வருமா என்று கேட்டேன். எனக்கு வரும் என்பதையும் சொன்னேன். இறால் உரிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஒருத்தி வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தொட்டாலே வரும்மா. ராவுல மூச்சு வாங்கும். சொன்னா வேலைக்கு வராதன்னுடுவாங்க. எழுதாத."

அவள் பெயரை எழுதவில்லை. தட்டும் கொடுக்கவில்லை. என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. டாக்டரிடம் மட்டும் காட்டிவிடலாம், நானும் கூட வருகிறேன் என்றேன். திங்கட்கிழமை லீவு போட முடியுமா என்று யோசித்தாள். செவ்வாய்க்கிழமை போகலாம் என்றாள்.