லீனாவின் மலைக்குப் போன அக்கா

எங்கள் குடும்பத்தின் மூத்த பிள்ளையாக யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் பிறந்த அக்கா, பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே வீட்டை இழந்தார். எங்கள் காணி இராணுவ வேலிக்குள் போனது. பல ஆண்டுகள் கழித்து அது விடுபட்டபோது, வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடுதான் இருந்தது. அப்பா காலமானதும் அக்கா குடும்பத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு அரபு அமீரகத்தின் புஜைராவுக்குப் போனார். அங்கே ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் வேலை செய்துதான் எங்களைப் படிப்பித்தார்.

அறையில் அவரோடு இருந்தவர் லீனா, பிலிப்பைன்ஸ் மலைப் பழங்குடிப் பெண். லீனாவின் ஊர் மேய்ச்சல் நிலத்தை வெளிநாட்டுப் படையின் சுடுபயிற்சிக்காக மறித்திருந்தார்கள். டியூட்டி முடிந்த மாலைகளில் இருவரும் கடற்கரையில் இருப்பார்களாம். நங்கூரமிட்ட கப்பல்களின் வெளிச்சம் தண்ணீரில் மிதக்க, லீனா தன் மலையைச் சொல்வார். அக்கா எங்கள் முற்றத்தைச் சொல்வார். சொல்லச் சொல்ல இரண்டும் ஒரே ஊராகிவிடும் என்பார் அக்கா.

ஒருமுறை லீவில் அவர் எங்களிடம் வரவில்லை. லீனாவோடு அந்த மலைக்குப் போனார். அம்மா தொலைபேசியில் அழுதார்.

"ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வாற லீவு. அதையும் ஆருக்கோ குடுத்திட்டியே?"

"அம்மா, எங்கட காணி வேலிக்க கிடக்கேக்க, ஒரு வெளியாள் வந்து எங்களோட இருந்திருந்தா உங்களுக்கு எப்பிடி இருந்திருக்கும்?"



அந்த மலையில் படை வாகனங்களை மறித்துப் பெண்கள் பாதையில் பாய் விரித்து அமர்ந்திருந்தார்கள். முகில் தரைக்கு இறங்கியதில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. பாட்டுச் சத்தத்தை வைத்துத்தான் பக்கத்தில் ஆள் இருப்பது தெரிந்ததாம். படை வாகனங்களின் மஞ்சள் வெளிச்சம் மெல்ல அருகே வந்து நின்றது. ஓர் அதிகாரி இறங்கி அக்காவிடம், "நீ யார்?" என்று கேட்டார். லீனாவின் தாயார் முந்திக்கொண்டு, "என் மகள்" என்றார்.

அன்று வாகனங்கள் திரும்பிப் போயின. பிறகு வந்தன. இன்றும் மேல் சரிவு வேலிக்குள்தான். கீழ்ச் சரிவில் மட்டும் மாடுகள் மேய்கின்றன.

நோய் அக்காவைப் புஜைராவில் படுக்கையில் போட்டபோது லீனாதான் பார்த்துக்கொண்டார். வெளியே வெயில் கொதிக்க, "முகில் வருது, போர்த்து விடு" என்பாராம் அக்கா. லீனா போர்த்திவிட்டுத் தன் ஊர்ப் பாட்டைப் பாடுவார். அந்தப் பாட்டிலேயே அக்கா கண்ணயர்ந்தார்.

உடலை ஊருக்கு அனுப்ப ஓடித்திரிந்த புஜைரா நண்பர்கள், சலவைப் பகுதித் தோழியர், இறுதிக் கிரியைகளில் கூடநின்ற உறவினர், அயலவர் எல்லோருக்கும் எங்கள் நன்றி. பெட்டியோடு கூடவே வந்த லீனாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் திரும்பும் நாளில் அம்மா அவர் கையை விடவேயில்லை.

"கேள் தம்பி, இவையின்ர காணியை எப்ப விடுவினமாம்?"

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். தெரியாது என்றார் லீனா.

"அப்ப, அடுத்தமுறை பாதையில இருக்கேக்க எனக்கும் சொல்லச் சொல்லு" என்றார் அம்மா. "நான் பாஸ்போட் எடுக்க வேணும்."