சீட்டின் மறுபக்கம்

நேற்று திருமண அழைப்பிதழுக்காகத் தாளில் கிளி வெட்டிக்கொண்டிருந்தேன். அலகின் வளைவில் கத்தரி திரும்பியபோது எழுந்த சத்தத்தில் எனக்கு மீண்டும் ஏழு வயதானது.

அம்மாவுக்குத் தீராத இருமல். அவளுடைய ஆஸ்பத்திரிச் சீட்டின் வெற்றுப் பக்கத்தில் நான் கிளி வரைந்து, வெட்டியெடுத்துவிட்டேன். திருப்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் சீட்டைத் தூக்கிப் பிடித்தார். கிளி வடிவ ஓட்டையில் அவருடைய கண் தெரிந்தது.

"மருந்து எழுதுன இடம் எங்கம்மா?"

"கிளியே தூக்கிக்கினு போயிடுச்சு டாக்டர்," என்றாள் அம்மா. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. மருந்தின் பெயர், அளவு, சளிப் பரிசோதனை முடிவு, மூன்றும் போயிருந்தன. மறுபடி பரிசோதனை செய்துகொண்டு வரச் சொன்னார்.

வீட்டில் அப்பாவிடம், "மழையில நனைஞ்சு கிழிஞ்சிடுச்சு," என்றாள், என்னைப் பார்க்காமல்.

"ஒரு சீட்ட பத்திரமா வெச்சிக்க தெரியாதா உனக்கு?"

தறியில் பாதிச் சேலை இருந்தது. அதை முடித்துவிட்டுப் பரிசோதனைக்குப் போகலாம் என்றாள் அம்மா. பிறகு தறியில் அடுத்த சேலைக்கான பாவு நூல் ஏறியது. ஐப்பசியில் இறந்துபோனாள்.

என் வேலையைப் பார்க்க வருகிறவர்களிடம் அப்பா இன்றும் சொல்கிறார்: "இவ எவ்ளோ பொறுமை பாருங்க. இவ அம்மாவுக்கு ஒரு சீட்ட கூட பத்திரமா வெச்சிக்கத் தெரியல."

நான் இதுவரை மறுத்ததில்லை.